ஃபிக்ஸி ஓட்டப் பழகுவது எப்படி: பிரேக்கைக் கழற்றாமல் ஒரு தொடக்கம்

ஃபிக்ஸி என்ற சைக்கிள் வகையில் பின்சக்கரம் சுற்றும்வரை பெடலும் சுற்றிக்கொண்டே இருக்கும். மிதிப்பதை நிறுத்திவிட்டுச் சும்மா உருண்டு போக முடியாது. சாதாரண சைக்கிளில், மிதிக்காதபோதும் சக்கரத்தைச் சுற்றவிடும் ஃப்ரீவீல் இதில் கிடையாது. பின்பக்கப் பல்சக்கரம் நேராக ஹப்பிலேயே, அதாவது சக்கரத்தின் நடுக்குடத்திலேயே, திருகி இறுக்கப்பட்டிருக்கும். பெடலை எதிர்த்து அழுத்தினால் வேகம் குறையும், பின்னால் மிதித்தால் வண்டி பின்னாலும் போகும். கீழே வரும் எல்லா எச்சரிக்கைக்கும் காரணம் இந்த ஒரே ஏற்பாடுதான்.

வெலோட்ரோம் என்ற வளையத் தளத்தில் ஓடும் பந்தயச் சைக்கிள்கள் தொடக்கத்திலிருந்தே இப்படித்தான். அவற்றைத் தெருவுக்குக் கொண்டுவந்ததில் நியூயார்க்கின் சைக்கிள் கூரியர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. பாகங்கள் குறைவு, பழுதும் குறைவு என்பது அவர்களுக்கு வசதியாக இருந்தது. 2000க்குப் பிறகு டோக்கியோ, அப்புறம் ஜகார்த்தா, சிங்கப்பூர் என்று மோகம் பரவியது. அண்மையில் தென் கொரியப் பள்ளி மாணவர்களிடம் அது மறுபடி தலைதூக்கியிருக்கிறது.

இந்த மோகத்தோடு ஒட்டிக்கொண்டு வந்த ஒரு பழக்கம் எனக்குப் பிடிக்காது: பிரேக்கைக் கழற்றிவிடுவது. கேபிள் எதுவும் தொங்காத ஹேண்டில்பார் பார்க்க அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் ஃபிக்ஸி ஓட்டும் சுகத்தில் ஒரு துளிகூட பிரேக் இல்லாததால் வருவதல்ல. சிங்கப்பூரில் புதிதாக ஃபிக்ஸி வாங்க நினைப்பவர்களையும், பிள்ளை கேட்கிறானே என்று யோசிக்கும் பெற்றோரையும் மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன்.

முதலில் சட்டம்

2021 செப்டம்பர் 1 முதல் சிங்கப்பூரில் பொதுப் பாதையிலோ சாலையிலோ ஓட்டும் எந்தச் சைக்கிளிலும் வேலை செய்யும் கைப்பிரேக் ஒன்றாவது இருக்க வேண்டும். “கால்தான் என் பிரேக்” என்ற பேச்செல்லாம் இங்கே எடுபடாது. பதின்ம வயதினர் உயிரிழந்த பிறகு வந்த விதி இது.

மற்ற நாடுகளும் இதே பாடத்தை இதே விலை கொடுத்துத்தான் கற்றன. 2016ல் லண்டனில் முன்பிரேக் இல்லாத ஃபிக்ஸி மோதி, சாலையைக் கடந்த ஒரு பெண் இறந்தார். ஓட்டிய இளைஞருக்கு அடுத்த ஆண்டு 18 மாதச் சிறைத்தண்டனை கிடைத்தது. 2025 கோடையில் சோலில் சரிவில் இறங்கிய பள்ளி மாணவன் ஒருவன் நிறுத்த முடியாமல் மோதி இறந்தான். அதன் பிறகு தென் கொரியக் காவல்துறை பிரேக் இல்லாத ஃபிக்ஸிகளைப் பிடிக்கத் தொடங்கியது. ஜப்பானில் முன்சக்கரம், பின்சக்கரம் இரண்டுக்குமே பிரேக் வேண்டும். மணிக்கு 10 கி.மீ. வேகத்தில் போகும்போது பிரேக் பிடித்தால் 3 மீட்டருக்குள் வண்டி நிற்க வேண்டும் என்று அளவே வைத்திருக்கிறார்கள்.

ஒரே ஒரு பிரேக் வைப்பதானால் அது முன்சக்கரத்தில் இருக்கட்டும். வேகம் குறையும்போது உடல் எடை முன்பக்கம் சாய்கிறது. பின்சக்கரம் தரையை அழுத்தும் விசை குறைந்துவிடுகிறது. அதனால் பின்சக்கரத்தை மட்டும் நிறுத்தினால், அது கால் வலிமையாலோ பிரேக்காலோ எப்படி நிறுத்தினாலும், டயர் வழுக்கிக்கொண்டே போகும். உலர்ந்த சாலையில் மணிக்கு 25 கி.மீ. வேகத்தில் போகிறீர்கள் என்று வையுங்கள். நல்ல முன்பிரேக்கால் ஏறத்தாழ 5 மீட்டரில் நிற்கலாம். பின்சக்கரத்தை மட்டும் நம்பினால் 10 மீட்டர் ஆகும். மழை பெய்த ஈரத்தில் இன்னும் கூடும். இது திறமை சார்ந்த விஷயமல்ல. எவ்வளவு பழகியவர் ஓட்டினாலும் பின்சக்கரத்தின் மேல் இல்லாத எடையை வரவழைக்க முடியாது.

வண்டி வாங்கும்போது

சக்கரத்தின் நிறத்தைப் பார்த்து வாங்குபவர்கள்தான் அதிகம். நீங்கள் பின்பக்க ஹப்பைப் பாருங்கள்.

நல்ல ஃபிக்ஸி ஹப்பில் இரண்டு அடுக்காகத் திருகுப் புரி இருக்கும். உள்ளே இருக்கும் பெரிய புரியில் பல்சக்கரம் ஏறும். கடைகளில் அதைக் காக் என்பார்கள். வெளியே இருக்கும் சிறிய புரியில், காக்கைப் பூட்டிவைக்கும் வளையமான லாக்ரிங் ஏறும். லாக்ரிங்கின் புரி இடப்புறமாக, தலைகீழாக இருக்கும். நீங்கள் பெடலை எதிர்த்து அழுத்தும்போது காக் கழன்று வரப் பார்க்கும். அது கழலும் திசையில் லாக்ரிங் இன்னும் இறுகும். கால் வலிமையால் வேகத்தைக் குறைக்க முடிவதே இந்த ஏற்பாட்டை நம்பித்தான்.

பழைய சைக்கிளை ஃபிக்ஸியாக மாற்றித் தருகிறேன் என்பவர்கள் சிலர், ஃப்ரீவீல் போடும் ஹப்பிலேயே காக்கைத் திருகி, பசை தடவியோ வேறு ஏதோ வளையத்தை வைத்து இறுக்கியோ கொடுத்துவிடுவார்கள். அதில் தலைகீழ்ப் புரி இருக்காது. வேகமாகப் போகும்போது எதிர்த்து மிதித்தால் காக் கழன்று கால் வெறுமனே சுற்றும். அப்படிப்பட்ட வண்டி இலவசமாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

கேரசல் இணையச் சந்தையில் பழையது வாங்குவதானால் நேரில் போய்ப் பாருங்கள். முன்பிரேக்கைப் பிடித்துக்கொண்டு பெடலை முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். செயின் தளர்வால் வரும் சிறு ஆட்டம் இருக்கலாம். ‘டக் டக்’ என்று ஹப்பிலிருந்து சத்தம் வந்தால் காக் தளர்ந்திருக்கிறது, அல்லது புரியே தேய்ந்துபோயிருக்கிறது. புரி தேய்ந்த ஹப்பைச் சரிசெய்ய முடியாது. பற்கள் ஒருபக்கம் சாய்ந்து கூராகியிருந்தால் செயினையும் பல்சக்கரங்களையும் மாற்ற வேண்டிவரும். அந்தச் செலவையும் சேர்த்து விலை பேசுங்கள். பின்சக்கர அச்சு உட்காரும் பள்ளம் கிடைமட்டமாக, சக்கரத்தை முன்னும் பின்னும் நகர்த்தும்படி இருக்க வேண்டும். செயினை இறுக்க வேறு வழி இல்லை.

தொடக்கக்காரர்களுக்கு என் பரிந்துரை, இருபக்கமும் புரி உள்ள ஃப்ளிப்-ஃப்ளாப் ஹப். ஒரு பக்கம் காக், மறுபக்கம் ஃப்ரீவீல். பிடிக்கவில்லை என்றால் சக்கரத்தைக் கழற்றித் திருப்பிப் போட்டுச் சாதாரண சைக்கிளாக ஓட்டிக்கொள்ளலாம். அப்படித் திருப்பினால் காலால் வேகத்தைக் குறைக்கும் வழி போய்விடும்; அதற்குள் பின்பிரேக்கும் பொருத்திவிடுங்கள்.

கிராங்க், அதாவது பெடலைத் தாங்கும் கம்பி, 165 மி.மீ. நீளம் இருந்தால் நல்லது. வளைவில் சாயும்போதும் பெடல் சுற்றிக்கொண்டே இருப்பதால், நீளமான கிராங்க் தரையில் உரசித் தூக்கி எறியும். டயர் 28 மி.மீ. போடுங்கள், மெல்லிய 23ல் வடிகால் மூடிகளின் மேல் ஏறி இறங்குவது பெரும்பாடு.

எத்தனை பல்?

ஃபிக்ஸியில் ஓட்டும்போது கியரை மாற்ற முடியாது. வாங்கும்போது தேர்ந்தெடுத்தது தான். அதனால் கொஞ்சம் கணக்குப் போடுவதில் தவறில்லை. முன்பக்கப் பற்களின் எண்ணிக்கையைப் பின்பக்க எண்ணிக்கையால் வகுங்கள். அந்த விகிதத்தைச் சக்கரத்தின் சுற்றளவால், ஏறத்தாழ 2.1 மீட்டரால், பெருக்கினால் ஒருமுறை மிதித்தால் எவ்வளவு தூரம் போவீர்கள் என்று தெரியும்.

46க்கு 17 என்றால் விகிதம் 2.7. ஒரு மிதிக்கு 5.7 மீட்டர். மணிக்கு 25 கி.மீ. போக நிமிடத்துக்கு 73 முறை மிதிக்க வேண்டும். கால் சுகமாகச் சுற்றும் வேகம் இது. 48க்கு 16 என்றால் விகிதம் 3, ஒரு மிதிக்கு 6.3 மீட்டர். பல வண்டிகள் இதற்குக் கிட்டத்தட்ட வருகின்றன. ஓட்ட முடியும், ஆனால் நிறுத்த அதிகம் சிரமப்பட வேண்டும். 49க்கு 14 என்று பெருமையாகச் சொல்லும் பிள்ளைகளைப் பார்க்கலாம். அது பந்தயத் தளத்துக்கான கியர். சிவப்பு விளக்குகளுக்கு நடுவே அதை ஓட்டினால் முழங்கால்தான் பில் கட்டும்.

கனமான கியரில் வேகம் கிடைக்கும் என்பது உண்மை. ஆனால் அதே கனம்தான் வேகத்தைக் குறைக்கும்போதும் உங்களை எதிர்த்து நிற்கும். 46க்கு 17 போதும். கால் வலு குறைவாக இருப்பவர்கள் 44க்கு 17 எடுங்கள்.

17 என்ற எண்ணை நான் பிடித்துக்கொண்டிருப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஸ்கிட் அடிக்கும்போது, அதாவது காலை இறுக்கிப் பின்சக்கரத்தை வழுக்க விடும்போது, டயர் தரையில் தேயும் இடங்களின் எண்ணிக்கை பல் விகிதத்தைப் பொறுத்தது. பின்னத்தைச் சுருக்கினால் கீழே நிற்கும் எண்தான் விடை. 48/16 சுருங்கி 3/1 ஆகிவிடும்: எப்போதும் அதே காலை முன்னால் வைத்து ஸ்கிட் அடிப்பவருக்கு டயர் ஒரே இடத்தில் தேயும். 46/17 சுருங்காது: 17 இடங்களில் தேய்மானம் பகிர்ந்துகொள்ளப்படும். ஸ்கிட் அடிக்கப் போவதில்லை என்றாலும் 17 உங்களுக்கு எந்தக் கெடுதலும் செய்யாது.

இருக்கையும் காலும்

இருக்கையின் உயரத்துக்கு எளிய அளவு: பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். ஃபிக்ஸியில் அதைவிடக் கொஞ்சம், ஓரிரு மில்லிமீட்டர், தாழ்த்திவையுங்கள். சரிவில் கால் வேகமாகச் சுற்றும்போது இருக்கையில் குதிக்காமல் இருக்கலாம்.

காலைப் பெடலோடு பிடித்துவைக்கும் ஸ்ட்ராப் அவசியம். அது இல்லாமல் வேகத்தில் ஒருமுறை கால் நழுவினால், பெடல் நிற்காமல் சுற்றிவந்து முழங்காலுக்குக் கீழே எலும்பில் அடிக்கும். திரும்பக் காலை வைக்கவும் விடாது. அகலமான துணி ஸ்ட்ராப் தொடக்கத்துக்கு நல்லது. உள்ளே காலை நுழைக்கவும் உருவவும் எளிது. முதல் நாட்களில் தளர்வாகக் கட்டுங்கள்.

ஷூ கயிற்றை உள்ளே செருகுங்கள். தொளதொள பேண்ட்டின் வலதுகாலை மடித்துவிடுங்கள். துப்பட்டாவைக் கழுத்தில் தொங்கவிட்டு இதை ஓட்டவே கூடாது. செயினில் மாட்டினால் மிதிப்பதை நிறுத்திப் பயனில்லை, வண்டி நிற்கும்வரை அது இழுத்துக்கொண்டே போகும்.

முதல் நாள்

ஈஸ்ட் கோஸ்ட் பார்க்குக்கு ஞாயிற்றுக்கிழமை மாலையில் போகாதீர்கள். குழந்தைகள், ஸ்கேட்டிங் செய்பவர்கள், நாய்கள் எல்லாம் குறுக்கே வரும். வாரநாள் விடியற்காலை பரவாயில்லை. பல மாடிக் கார் நிறுத்துமிடத்தின் மேல்தளம் காலியாக இருக்கிறதே என்று தோன்றும். அங்கே ஏறிவிட்டால் இறங்குவது சரிவுப்பாதை வழியாகத்தான். பழகாதவர்களுக்கு அந்த இடமே வேண்டாம்.

ஏறுவதிலேயே முதல் வித்தியாசம் தெரியும். நின்றுகொண்டே பெடலைப் பின்னால் சுழற்றி வசதியான நிலைக்குக் கொண்டுவர முடியாது. இருக்கையைப் பிடித்துப் பின்சக்கரத்தைச் சற்றுத் தூக்கி, முதலில் மிதிக்கும் பெடலை முன்னால், கொஞ்சம் மேலாக வைத்துக்கொள்ளுங்கள். ஏறி மிதித்த பிறகு, இரண்டு மூன்று சுற்றுக்குள் அடுத்த காலை ஸ்ட்ராப்பில் நுழைக்கலாம். கீழே குனிந்து பார்க்காமல் இதைச் செய்யப் பழகுங்கள்.

நேர்ப்பாதையில் மெதுவாகப் போங்கள். கொஞ்ச நேரத்தில் உங்களையும் அறியாமல் காலை நிறுத்தப் பார்ப்பீர்கள். எத்தனையோ வருடப் பழக்கம் அது. பெடல் உங்களை மேலே தூக்கித் தள்ளும். பயப்பட வேண்டாம், காலை விறைப்பாக்காமல் சுற்ற விட்டுவிடுங்கள். பெரும்பாலும் இது திரும்பும்போதோ, மேட்டில் ஏறும்போதோ, பின்னால் திரும்பிப் பார்க்கும்போதோதான் நடக்கும். அதாவது கவனம் வேறெங்கோ இருக்கும்போது. எனவே தொடக்கத்தில் பேசிக்கொண்டே ஓட்டாதீர்கள்.

அப்புறம் வட்டமடித்துப் பாருங்கள். மெதுவாக, குறுகலாகத் திரும்பும்போது உங்கள் ஷூவின் நுனி முன்டயரில் இடிக்கிறதா என்று கவனியுங்கள். பல ஃபிக்ஸிகளில் இடிக்கும். சாதாரண சைக்கிளில் அந்தக் காலைப் பின்னால் வைத்துக்கொண்டு திரும்பிவிடலாம். இதில் கால் முன்னால் வந்தே தீரும். இடிப்பது தெரிந்தால் அகலமாகத் திரும்பப் பழகிக்கொள்ளுங்கள்.

காலால் வேகத்தைக் குறைப்பது

ஃபிக்ஸி ஓட்டுவதன் முழுச் சுவையும் இதில்தான் இருக்கிறது. அதனால் அவசரப்படாமல் பழகுங்கள்.

பெடல் பின்பக்கமாக மேலே ஏறிவரும்போது, அந்தக் காலால் அதை லேசாக அழுத்துங்கள். நிறுத்த முயலாதீர்கள், தயங்கவைத்தால் போதும். ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு கால்களாலும் மாறிமாறி அப்படிச் செய்தால் வண்டி மெல்ல அடங்கும். இடுப்பைச் சற்று முன்னால் வைத்தால் எளிதாக இருக்கும். ஒரு விளக்குக் கம்பத்தைக் குறிவைத்து, பிரேக்கைத் தொடாமல் அதன் அருகே நிற்க முயலுங்கள். பிறகு அதே கம்பத்துக்குக் காலையும் முன்பிரேக்கையும் சேர்த்துப் பயன்படுத்தி நில்லுங்கள். எவ்வளவு பின்னால் தொடங்க வேண்டியிருந்தது என்ற வித்தியாசத்தைக் கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள்.

கொஞ்ச நாளில், முன்னால் போகிறவர் தயங்கினாலே உங்கள் கால் தானாக அடங்கிவிடும். பிரேக்கைத் தொடும் தேவையே குறையும். ஆனால் விரல் அதன் மேலேயே இருக்கட்டும்.

ஸ்கிட் அடிக்கக் கற்றுத்தரும்படி எல்லோரும் கேட்பார்கள். உடல் எடையை ஹேண்டில்பார் மேல் கொண்டுபோய், பின்சக்கரத்தை லேசாக்கி, கிராங்க் தரைக்கு இணையாக வரும் கணத்தில் முன்காலை மேலே இழுத்துப் பின்காலைக் கீழே அழுத்த வேண்டும். அவ்வளவுதான். வேடிக்கையான வித்தை, பழகினால் தவறில்லை. அவசரத்தில் நிறுத்தும் முறை அதுவல்ல. பின்சக்கரத்தை லேசாக்கித்தானே அதைச் செய்கிறோம்? பிடிமானம் அங்கே எங்கிருந்து வரும்?

சாலைக்கு வரும்போது

சிங்கப்பூரில் சாலையில் சைக்கிள் ஓட்டத் தலைக்கவசம் கட்டாயம். நடைபாதையில் வேக வரம்பு மணிக்கு 10 கி.மீ., சைக்கிள் பாதையிலும் பூங்கா இணைப்புப் பாதையிலும் 25 கி.மீ. இருட்டிவிட்டால் முன்னால் வெள்ளை விளக்கும் பின்னால் சிவப்பு விளக்கும் வேண்டும். விரைவுச்சாலை பக்கமே போகக்கூடாது. நடைபாதையில் 10 கி.மீ. என்பது 46க்கு 17 கியரில் நிமிடத்துக்கு 30 மிதிகூட இல்லை. தள்ளாடாமல் அவ்வளவு மெதுவாக ஓட்டுவது நல்ல பயிற்சிதான்.

ஊர் தட்டையானது என்று நினைத்து ஏமாற வேண்டாம். மேம்பாலம், சுரங்கப்பாதை, மவுண்ட் ஃபேபர் எல்லாம் இருக்கின்றன. சரிவில் இறங்கும்போது வேகம் ஏற ஏறக் கால் சுற்றும் வேகமும் ஏறும். ஓர் எல்லைக்கு மேல் கால் பின்தங்கிவிடும். அந்த நிலை வந்த பிறகு பிரேக் பிடிப்பது தாமதம். உச்சியிலிருந்தே முன்பிரேக்கை லேசாகப் பிடித்து, வேகத்தை ஏறவிடாமல் இறங்குங்கள். கால் நழுவிவிட்டால் அதைத் திரும்பப் பெடலில் வைக்க முயலாமல், கால்களை விரித்துக்கொண்டு பிரேக்கால் நிறுத்துங்கள்.

மழை வந்தால் சாலையின் வெள்ளைக் கோடும் இரும்பு மூடியும் சோப்புத் தடவியது போலாகும். அவற்றின் மேல் இருக்கும்போது திரும்பவும் வேண்டாம், காலால் இறுக்கவும் வேண்டாம்.

பராமரிப்பு

வேலை குறைவு, ஆனால் தவறவிட முடியாதது. செயினின் நடுப்பகுதியை விரலால் மேலும் கீழும் ஆட்டினால் மொத்தம் ஒரு சென்டிமீட்டர் அசைய வேண்டும். அதைவிடத் தொங்கினால் ஓடும்போது கழன்றுவிடலாம். ஃபிக்ஸியில் செயின் கழன்றால் பின்சக்கரம் இறுகி நின்றுபோகும், அல்லது காலால் வேகத்தைக் குறைக்கும் வழி போகும். ரொம்ப இறுக்கினால் பேரிங் தேயும். பெடலைச் சுற்றிச் சுற்றி, செயின் மிக இறுக்கமாக வரும் இடத்தில் அளவு பாருங்கள்.

புதிதாகப் பொருத்திய காக், முதல் சில மேடுகளில் மிதித்து ஏறும்போது இன்னும் கொஞ்சம் உள்ளே இறுகும். அப்போது அதற்கும் லாக்ரிங்குக்கும் இடையே இடைவெளி விழும். முதல் சில சவாரிகளுக்குப் பிறகு கடையில் கொடுத்து லாக்ரிங்கை மறுபடி இறுக்கச் சொல்லுங்கள். இதைக் கடைக்காரரே சொல்வார் என்று காத்திருக்க வேண்டாம். பையில் ஒரு 15 மி.மீ. ஸ்பானர் வைத்திருங்கள், பஞ்சரானால் சக்கரத்தைக் கழற்ற அது இல்லாமல் முடியாது. செயினுக்கு எண்ணெய் விடும்போது, சக்கரம் சுழலும் நேரத்தில் துணியால் துடைக்காதீர்கள். துணியோடு விரலும் பல்சக்கரத்துக்குள் போனால் அது நிற்காது. பெடலை ஒரு கையால் மெல்ல நகர்த்தி, நிறுத்தி, துடைத்து, மறுபடி நகர்த்துங்கள்.

பிரேக் இல்லாமல் ஓட்டித்தான் ஆக வேண்டும் என்றால்

அதற்கென்றே இடம் இருக்கிறது. மலேசியாவின் நீலாயில் 250 மீட்டர் சுற்றளவுள்ள தேசிய வெலோட்ரோம் உண்டு. வெலோட்ரோமில் பிரேக் உள்ள வண்டியை ஓட்ட விடமாட்டார்கள். ஒருவர் திடீரென்று பிடித்தால் பின்னால் வருபவர்கள் எல்லோரும் விழுவார்கள். எதிரே யாரும் வராத, குறுக்கே யாரும் கடக்காத தளம். மலேசிய வீரர் அஸிஸுல்ஹஸ்னி அவாங் 2016 ரியோ ஒலிம்பிக்கில் வெண்கலமும், 2021ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் வெள்ளியும் வாங்கித் தந்த கெய்ரின் என்ற சைக்கிள் பந்தயம் இத்தகைய தளத்தில்தான் நடக்கிறது.

பயிற்சி நேரத்தையும் நிபந்தனைகளையும் முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போங்கள். இத்தகைய தளங்களில் வளைவுகள் 40 டிகிரிக்கு மேல் சாய்ந்திருக்கும். மெதுவாகப் போனால் டயர் வழுக்கிக் கீழே வரும். மணிக்கு 30 கி.மீ.யாவது விடாமல் போக வேண்டும். 46க்கு 17 கியரில் அது நிமிடத்துக்குக் கிட்டத்தட்ட 90 மிதி. கிளம்புவதற்கு முன், காலியான நேர்ப்பாதையில் அந்த வேகத்தைப் பத்து நிமிடமாவது பிடித்துப் பாருங்கள்.